ரேடியோ அக்கா வாய் மூடிய நாள்

அந்தப் பள்ளிக்கூடத்தின் ஒலிபெருக்கி ஒரு பருவம் முழுக்கப் பழுதாகிக் கிடந்தது. அது யாருக்கும் தெரியாது. விடுமுறையில் வேறு வேலையாக வந்த எலெக்ட்ரீஷியன்தான் சுவரிலிருந்து பெட்டியைக் கழற்றிப் பார்த்து, உள்ளே குருவி கூடு கட்டி, குஞ்சு பொரித்து, குடும்பத்தோடு பறந்தும் போய்விட்டதைக் கண்டுபிடித்தார். இத்தனை மாதமாக அறிவிப்பெல்லாம் எப்படிக் கேட்டது என்று அவர் விசாரித்தார். தலைமையாசிரியை வரவேற்பு மேசைப் பக்கம் பார்த்தார். அங்கே ரேடியோ அக்கா தொலைபேசியில் யாருக்கோ பள்ளி திறக்கும் தேதியை விளக்கிக்கொண்டிருந்தார். எலெக்ட்ரீஷியன் சற்று நேரம் நின்று கேட்டார். பிறகு பெட்டியைத் திரும்ப மாட்டாமல் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து மேசையில் மைக் மட்டும் ஒரு மரியாதைக்காக நின்றுகொண்டிருக்கிறது.

ரேடியோ அக்கா என்ற பெயரை வைத்தது யார் என்பதில் இரண்டு கட்சிகள் உண்டு. பிள்ளைகள் வைத்தது என்று ஆசிரியர்களும், ஆசிரியர்கள் வைத்தது என்று பிள்ளைகளும் அடித்துச் சொல்வார்கள். ரேடியோவை நிறுத்த ஒரு குமிழ் உண்டு, ஆகையால் இந்தப் பெயர் பொருந்தாது என்று கணக்கு வாத்தியார் மட்டும் ஆட்சேபம் தெரிவித்தார். அது ஏற்கப்படவில்லை.

அக்காவைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் பிறந்து வளர்ந்தது ஒரு மாவு மில்லுக்கு மேல்மாடியில். பொழுது விடிந்தால் கீழே இயந்திரம் ஓடத் தொடங்கும். அந்த வீட்டில் ‘உப்பைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளு’ என்பதைக்கூட, புயலில் கப்பல் ஓட்டுகிறவர் கட்டளையிடுகிற மாதிரிதான் சொல்லியாக வேண்டும். அழுதால் மட்டும் பால் கிடைக்காது, இயந்திரத்தை மீறி அழ வேண்டும் என்பதைத் தொட்டிலிலேயே தெரிந்துகொண்ட குழந்தை அது. அவருடைய அப்பாவும் அம்மாவும் கொஞ்சிக்கொண்டதும் அதே குரலில்தான். அதனால் அவர்களுடைய அன்னியோன்னியம் தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த கணவர் மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர். நாள் முழுக்க அவர் பேசுவது ஒரே வாக்கியம்: ‘இது தெளிவா, அது தெளிவா?’ மிச்ச வார்த்தைகளை எல்லாம் வயதான காலத்துக்கென்று சேர்த்து வைத்திருக்கிறார் என்பது அக்காவின் கணிப்பு. கல்யாணத்துக்கு முன்னால், கண்ணில் ஏதோ மங்கல் என்று அக்கா அந்தக் கடைக்குப் போனார். கண்ணாடிக்காரர் அவரை நாற்காலியில் உட்கார வைத்து, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, தன் கேள்வியைக் கேட்டார். மற்றவர்களாக இருந்தால் ‘இது’ என்றோ ‘அது’ என்றோ சொல்லிவிட்டுப் போவார்கள். அக்கா இரண்டின் நிறைகுறைகளையும் விளக்கினார். அதற்கு முன் போட்ட வில்லையை அன்போடு நினைவுகூர்ந்தார். எதிர்ச்சுவரில் இருந்த எழுத்துகளுக்கு ஏன் ஓர் அர்த்தமும் இல்லை, ஒரு கதையாக எழுதியிருந்தால் வருகிறவர்களுக்குப் பொழுது போகுமே என்று யோசனை சொன்னார். வெளியே காத்திருந்த இரண்டு பேர் மங்கலான கண்களோடே வீட்டுக்குப் போய்விட்டார்கள். கண்ணாடிக்காரர், நாளைக்கும் ஒரு தடவை வந்து சோதித்துக்கொள்வது நல்லது என்றார். சோதனை ஒரு வாரம் நடந்தது. கண்ணில் எந்தக் கோளாறும் இல்லை என்பதைக் கல்யாணம் முடிந்த பிறகுதான் வெளியிட்டார்.

பள்ளியில் அக்காவின் ராஜ்யம் வாசலுக்கு நேரே இருக்கிற அந்த மேசைதான். அதன்மேல் தொலைபேசி, பக்கத்தில் தொலைந்த பொருள்களின் பெட்டி, பின்னால் சாவிகள் தொங்கும் பலகை, மேசைக்கு அடியில் வலது முழங்காலுக்குப் பக்கமாக மணியின் பொத்தான். குட்டையாக அழுத்தினால் பாடவேளை மணி. நீளமாக அழுத்தினால் வீட்டுக்குப் போகும் மணி. காலையில் முதல் மணி ஓய்ந்ததும் அக்கா எழுந்து நின்று, அன்றைக்குப் பிறந்தநாள் கொண்டாடும் பிள்ளைகளின் பெயர்களைச் சொல்வார். அடுத்து மறந்துபோன சாப்பாட்டு டப்பாக்களின் உரிமையாளர்களை அழைப்பார். அவருடைய மகளே எட்டாம் வகுப்பில் இருந்தாள். வீட்டிலேயே டப்பாவை வைத்துவிட்டு வருவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. ‘எட்டாம் வகுப்பில் என் வயிற்றில் பிறந்த மாணவி உடனே வரவும்’ என்ற குரல் மாடி ஏறி வரும்போதெல்லாம் அவள் புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, யார் பெற்ற பிள்ளையோ பாவம் என்கிற மாதிரி உட்கார்ந்திருப்பாள்.

இனி கூரை விவகாரத்துக்கு வர வேண்டும்.

இந்தப் பள்ளியில் படித்த பெண் ஒருத்தி, கடல் தாண்டி ஓர் ஏழை நாட்டில் ஆசிரியையாக இருந்தாள். அவளுடைய பள்ளிக்கூடத்துக்குச் சுவர் இருந்தது, கரும்பலகை இருந்தது, பிள்ளைகள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். கூரைதான் இல்லை, தார்ப்பாயைக் கட்டியிருந்தார்கள். மழைக்காலம் வந்தால் பள்ளியை மூடிவிடுவார்கள். மூடினால் பெரிய பிள்ளைகள் கூலி வேலைக்குப் போவார்கள். போனவர்கள் மழை நின்ற பிறகும் திரும்பி வருவதில்லை. இந்த வருடம் மழைக்கு முன்னால் கூரை போட்டாக வேண்டும் என்று அவள் கேட்டிருந்தாள்.

உதவி செய்வதில் இந்தப் பள்ளிக்கு அனுபவம் குறைவில்லை. ஒரு வருடம் நிதிக்காக எல்லோரும் ஊரைச் சுற்றி நடந்தார்கள். முன்னால் பிடித்துக்கொண்டு போன பேனருக்கு ஆன செலவு, வந்த நிதியை விழுங்கி ஏப்பம் விட்டது. இன்னொரு வருடம் ‘இருப்பதைப் பகிர்வோம்’ என்று முழங்கி, சாமான் அறையில் தூசி படிந்து கிடந்த பழைய கோப்பைகளை, ஓட்டப் பந்தயம், கயிறு இழுத்தல், நல்ல கையெழுத்து எல்லாவற்றுக்கும் வாங்கியவற்றை, மூட்டை கட்டி அந்தப் பெண்ணின் பள்ளிக்கே அனுப்பினார்கள். அந்த ஆசிரியை நன்றி சொல்லி எழுதினாள். கோப்பைகள் பத்திரமாக வந்து சேர்ந்தன, பிள்ளைகள் அவற்றில் தண்ணீர் குடிக்கிறார்கள், கைப்பிடி இருப்பது வசதியாக இருக்கிறது என்றாள்.

ஆகவே இந்த முறை ஆசிரியர் கூட்டத்தில் எல்லோரும் கொஞ்சம் அடக்கமாகவே இருந்தார்கள். அக்காதான் யோசனை சொன்னார். எங்கேயோ ஒரு பள்ளியில் பிள்ளைகள் ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருந்தார்களாம். ‘நீ பேசாமல் இருந்தால் நான் இவ்வளவு தருகிறேன்’ என்று அப்பா, அம்மா, அத்தை, மாமா எல்லோரும் வாக்குக் கொடுத்து, அந்தத் தொகை தர்மத்துக்குப் போனதாம். நம் பிள்ளைகளும் செய்யலாமே என்று அக்கா கேட்டார். இதை விவரிக்கவே தேநீர் ஆறிப்போகும் அளவுக்கு நேரம் எடுத்துக்கொண்டார்.

பி.டி. மாஸ்டர் அதுவரைக்கும் விசிலின் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். “பிள்ளைங்க எதுக்குக்கா? நீங்க ஒரே ஒரு நாள் பேசாம இருங்க. முதல் ஆளா நான் தர்றேன்” என்றார்.

சிரிப்பில் ஜன்னல் கதவுகள் ஆடின. எல்லோரையும்விடப் பெரிதாகச் சிரித்தது அக்காதான். அது அவர் செய்த பிழை. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், சிரித்தவர்கள் எல்லோரும் பையில் கை விட்டுக்கொண்டிருந்தார்கள். விளையாட்டு வினையாகிவிட்டது. கணக்கு வாத்தியாரை நடுவராகப் போட்டார்கள். அவர் அங்கேயே விதிகளை வகுத்தார். முதல் மணியிலிருந்து கடைசி மணி வரை ஒரு வார்த்தை வரக்கூடாது. எழுதிக் காட்டுவதும் கூடாது. அது கையால் பேசுவது. தலையை ஆட்டலாம். ஒரு வார்த்தை தவறினாலும் யாரும் எதுவும் தர வேண்டியதில்லை.

“முடியுமா அக்கா? யோசிச்சுச் சொல்லுங்க” என்றார் கணக்கு வாத்தியார்.

“ஏன் முடியாது? மனுஷங்கதானே நாங்களும்” என்றார் அக்கா.

வாசல் பலகையில் செய்தி ஒட்டிய அன்றைக்கே ஊர் திரண்டுவிட்டது. பிள்ளைகளைப் பெற்றவர்கள் மட்டுமல்ல, பெறாதவர்களும் வந்தார்கள். பால் கடைக்காரர் நன்கொடை நோட்டில் ஒரு தொகையை எழுதினார். வேன் ஓட்டுநர்கள் கூட்டாகச் சேர்ந்து எழுதினார்கள். எதிர்வரிசையில் குடியிருந்த ஒரு பெரியவர், பகலில் கண்ணயர்ந்து பல வருடங்கள் ஆயின என்று நாத் தழுதழுக்கச் சொல்லி, தாராளமாக வாக்குக் கொடுத்தார். அக்காவின் மகள் தன் உண்டியலையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். இதுவரை எந்த நல்ல காரியத்துக்கும் இந்த ஊர் இப்படி மனம் திறந்ததில்லை. பாதிக் கூரை ஏறிவிட்டது, மீதியும் ஏறும் என்று தலைமையாசிரியை கண்களை மூடிக்கொண்டு சொன்னார்.

அக்கா வெளியே சிரித்தார். உள்ளே ஒரு முள் தைத்துவிட்டது. நன்கொடை கூடக்கூட அந்த முள்ளும் ஆழமாகப் போனது. கூரை இல்லாத பிள்ளைகளுக்காக இத்தனை பேரும் கொடுக்கவில்லை, தன் வாய்க்காகக் கொடுக்கிறார்கள் என்பது புரியாத அளவுக்கு அவர் அப்பாவி இல்லை. தன் குரலுக்கு ஊரில் ஒரு விலை உண்டு என்று இத்தனை காலம் நினைத்திருந்தார். விலை இருக்கத்தான் செய்தது. ஆனால் அது நிறுத்துவதற்கான விலை.

முந்தின நாள் சாப்பிடும்போது கணவரிடம் கேட்டார். நாளைக்கு மௌனம் என்பதால், கேட்க வேண்டியதை எல்லாம் இன்றைக்கே கேட்டுவிடும் அவசரம் இருந்தது.

“ஆமா, நன்கொடை நோட்டுல நீங்க எவ்வளவு எழுதினீங்க?”

கண்ணாடிக்காரர் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எழுதல.”

“எழுதலையா?”

“இல்ல.”

“ஊர்ல போறவன் வர்றவன் எல்லாம் எழுதுறான். அந்தப் பிள்ளைங்க தலையில மழை கொட்டுது. உங்களுக்கு மனசு வரலையா, இல்ல நான் ஜெயிக்க மாட்டேன்னு கணக்கா?”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அக்காவை ஒரு முறை பார்த்தார். ‘இது தெளிவா, அது தெளிவா’ என்று யோசிக்கிற மாதிரி இருந்தது. பிறகு தண்ணீர் குடித்தார். அவ்வளவுதான். அதன்பிறகு அக்கா மட்டும்தான் பேசினார். கஞ்சத்தனத்தின் வகைகள், அவருடைய வம்சத்தில் அது வந்த வழி, கண்ணாடித் தொழிலுக்கும் கல்நெஞ்சுக்கும் உள்ள தொடர்பு என்று நாளைய பங்கையும் சேர்த்துப் பேசி முடித்தார்.

மறுநாள் காலையில் அக்கா முதல் மணியை அழுத்தினார், வாயை மூடினார்.

கணக்கு வாத்தியார் குடையும் கையுமாக வந்து பக்கத்து நாற்காலியில் நடுவராக அமர்ந்துகொண்டார். அக்காவின் குரலாக இயங்கும் பொறுப்பு பி.டி. மாஸ்டருக்கு, வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவர் அவர்தான் என்பதால் கொடுத்தார்கள். அவர் நடைவழியில் நின்று விசிலை ஊதி, ஒரு சாப்பாட்டு டப்பாவைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். என்னமோ பந்தயம் என்று நினைத்து இரண்டு வகுப்புகள் ஓடி வந்தன. அவர்களைத் திருப்பி அனுப்புவதற்குள் அடுத்த பாடவேளை வந்துவிட்டது. தொலைபேசியை எடுத்தாலும் அவருக்கு மைதானம்தான் நினைவு. “சொல்லுங்க. நிமிர்ந்து நின்னு சொல்லுங்க” என்றார். மறுமுனையில் ஒரு பெற்றோர் உண்மையிலேயே நிமிர்ந்து நின்றாராம்.

அக்காவுக்கு நாக்கு பரபரத்தது. கைக்குட்டையைக் கடித்துக்கொண்டார். நடுவில் ஒரு தும்மல் வந்தது. மாவு மில் தும்மல். மாடியில் ஒரு வகுப்பு பாடவேளை முடிந்தது என்று எழுந்து நின்றது. தும்மல் வார்த்தையா என்று கணக்கு வாத்தியார் குடையில் தாடையை ஊன்றி ஆலோசித்தார். அர்த்தம் இல்லாததால் அது பேச்சில் சேராது என்று தீர்ப்பளித்தார்.

அதற்குப் பிறகுதான் எதிர்பாராத தொல்லை ஒன்று தொடங்கியது. பதில் சொல்லாத மனிதரைக் கண்டால் ஜனங்களுக்கு வாய் தானாகத் திறந்துகொள்கிறது. தலைமையாசிரியை சாவி எடுக்க வந்தார். கணக்கு வாத்தியார் தேநீர் குடிக்கப் போயிருந்தார். தலைமையாசிரியை சாவியை விரலில் ஆட்டியபடியே நின்றார். பிறகு தாழ்ந்த குரலில், கூட்டங்களில் தான் கண்ணை மூடிக்கொண்டு சிந்திப்பதாக எல்லோரும் மரியாதையாக நினைக்கிறார்கள், அது தூக்கம், பதவி ஏற்ற நாளிலிருந்தே தூக்கம்தான் என்றார். “யார்கிட்டயாவது சொல்லணும்னு ரொம்ப நாளா இருந்துச்சும்மா. இப்ப நிம்மதியா இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்தது பி.டி. மாஸ்டர். தொலைபேசி சற்று ஓய்ந்த நேரத்தில் மேசை ஓரத்தில் சாய்ந்தார். ஊர் நீச்சல்குளத்தில் இத்தனை வருடம் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தது முழுக்கக் கரையில் நின்றுதானாம். தண்ணீரில் இறங்கினால் நேராக அடிக்குத்தான் போவேன் என்றார். “ஒரு பய கண்டுபிடிக்கலக்கா. உங்ககிட்டதான் சொல்றேன்.”

அக்காவின் கண்களில் நீர் கோத்துக்கொண்டது. அனுதாபத்தால் என்று பி.டி. மாஸ்டர் நினைத்துக்கொண்டார். உண்மை வேறு. அந்த மேசையில் உட்கார்ந்த நாள் முதலாக இப்படிப்பட்ட செய்தி அவர் காதில் விழுந்ததில்லை. விழுந்த அன்று பார்த்து வாய்க்குப் பூட்டு.

சாப்பாட்டு நேரத்தில் மகள் வந்தாள். வழக்கமாக அவள் அந்த மேசையைக் கடக்கும்போது சுவரோடு ஒட்டிக்கொண்டு போவாள். அன்றைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள். முதலில் அறிவியல் ஆசிரியையின் புதுச் செருப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாள். அங்கிருந்து தன் தோழிக்கும் இன்னொருத்திக்கும் நடந்த சண்டைக்குப் போனாள். அதில் யார் பக்கம் நியாயம், ஏன் நியாயம், இருந்தாலும் மற்றவள் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு என்று விரித்து, பெரியவளானதும் என்ன ஆகப்போகிறாள் என்பதைச் சொல்லி, ஒரு கவளத்துக்கும் அடுத்த கவளத்துக்கும் நடுவில் மூச்சுக்கூட விடாமல் பேசினாள். கையை ஆட்டிப் பேசினாள். குரல் மெல்ல உயர்ந்து, நடைவழியில் போன இருவர் திரும்பிப் பார்த்தார்கள். இவள் அப்பாவைப் போல வாய் பேசாத பிள்ளை என்று அக்கா அதுநாள்வரை உறவுக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லிவந்திருந்தார்.

மகள் டப்பாவை மூடும்போது சொன்னாள், “நீ எப்பவும் பேசிட்டே இருப்ப. நான் எப்பம்மா பேசறது?”

அக்கா பதில் சொல்லவில்லை. விதி தடுத்தது. விதி இல்லாவிட்டாலும் அந்த ஒரு முறை பதில் வந்திருக்காது.

நாள் நகர்ந்தது. கடைசிப் பாடவேளைக்கு முன்னால் ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளை மட்டும் சீக்கிரம் அனுப்புவது அங்கே பழக்கம். அவர்களுடைய வேன் வாசலில் உறுமிக்கொண்டிருந்தது. வரிசையிலிருந்து ஒரு சிறுமி விலகி மேசைக்கு வந்தாள். தலை மேசை மட்டத்துக்குத்தான் இருந்தது. தலையில் புது ரிப்பன்.

“இன்னைக்கு எனக்குப் பொறந்தநாள்” என்றாள்.

அக்காவுக்குத் திக்கென்றது. பி.டி. மாஸ்டர் காலையில் சாப்பாட்டு டப்பாவோடு நிறுத்திக்கொண்டிருந்தார். பிறந்தநாள் பெயர்களை யாரும் சொல்லவே இல்லை.

“நீங்க என் பேரைச் சொல்லவே இல்ல.”

பி.டி. மாஸ்டர் பதறிப்போய், நான் சொல்கிறேன் பாப்பா, இப்போதே சொல்கிறேன் என்று விசிலை எடுத்தார். சிறுமி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“நீங்க சொன்னா எங்க அம்மாவுக்குக் கேக்காது. அம்மா சலவைக் கடையில இருக்காங்க. ஜன்னல்கிட்டயே நின்னு கேப்பேன்னு சொன்னாங்க. ரேடியோ அக்கா சொன்னாதான் அங்க வரைக்கும் வரும்.”

சலவைக் கடை அடுத்த தெருவில் இருந்தது. அங்கே ஒரு பெண் காலையிலிருந்து இஸ்திரிப் பெட்டியோடு ஜன்னல் பக்கமே போய்ப் போய் வந்துகொண்டிருப்பது அக்காவின் மனக்கண்ணில் தெரிந்தது. இன்னொரு பக்கம், தார்ப்பாய்க்கு அடியில் முகமறியாத பிள்ளைகள், கோப்பைகளில் தண்ணீர் குடித்துக்கொண்டு, வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெயரைச் சொன்னால் ஒரு கூரை போய்விடும். சொல்லாவிட்டால் இந்த ரிப்பன் வேனில் ஏறிப் போய்விடும். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று பெரியவர்களிடம் சொல்லலாம். ஆறாவது பிறந்தநாள் நாளைக்குத் திரும்பி வருவதில்லை.

வேன் ஓட்டுநர் ஹாரன் அடித்தார். சிறுமி ஒரு காலை முன்னால் வைத்து, ஒரு காலைப் பின்னால் வைத்து நின்றாள்.

அக்கா கணக்கு வாத்தியாரைப் பார்த்தார். கணக்கு வாத்தியார் அக்காவைப் பார்த்தார். தொலைபேசி கிணுகிணுத்தது. அக்காவின் வலது முழங்கால் மெல்ல நகர்ந்தது. மேசைக்கு அடியில் கை போனது. பொத்தான் அழுந்தியது. நீளமாக அழுந்தியது. கட்டடமே அதிரும்படி, ஒரு பாடவேளை முன்கூட்டியே, வீட்டுக்குப் போகும் மணி அடித்தது.

மாடியில் நாற்காலிகள் கவிழும் சத்தம். தங்களுக்குத் தெய்வ கடாட்சம் கிடைத்ததை நம்ப முடியாத பிள்ளைகள், யாரும் மனம் மாறுவதற்குள் ஓடிவிட வேண்டும் என்று படிக்கட்டில் கொட்டினார்கள்.

“சார், இன்னும் ஒரு பாடவேளை இருக்கே” என்றார் பி.டி. மாஸ்டர்.

கணக்கு வாத்தியார் எழுந்து நின்றார். குடையைத் தரையில் ஊன்றினார். “குட்டையா அடிச்சா பாடவேளை மணி. நீளமா அடிச்சா கடைசி மணி. இது நீளம். யார் அடிக்கணும், எப்ப அடிக்கணும்னு நான் விதி போடல. போட்டி முடிஞ்சது, அக்கா ஜெயிச்சாச்சு.” கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, “அந்த போனை எடுங்கக்கா, புண்ணியமாப் போகும். காலையிலருந்து தலை வலிக்குது” என்றார்.

சத்தம் கேட்டுத் தலைமையாசிரியை அறையிலிருந்து வந்தார். கண்ணை மூடிச் சிந்தித்துக்கொண்டிருந்தவரின் கன்னத்தில் மேசை விரிப்பின் பூ வேலைப்பாடு பதிந்திருந்தது. “அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா? நல்லது” என்றார். தலைமையின் ஒப்புதலும் கிடைத்துவிட்டது.

அக்கா போனை எடுக்கவில்லை. எழுந்து நின்றார். காலையிலிருந்து சேர்த்து வைத்த காற்றை எல்லாம் இழுத்து நெஞ்சில் நிரப்பினார். சிறுமியின் பெயரை, அப்பா பெயர், வகுப்பு, பிரிவு எல்லாவற்றோடும் சொன்னார். நூறு வருடம் இருக்கணும் என்றார். புது ரிப்பன் பிரமாதமாக இருக்கிறது என்பதையும் ஊருக்கு அறிவித்தார். கூரையிலிருந்து புறாக்கள் எழும்பின. எதிர்வரிசைப் பெரியவர் கண் விழித்தார். அடுத்த தெருவின் சலவைக் கடை ஜன்னலில் ஓர் ஈரமான போர்வை வெளியே வந்து இரண்டு தடவை கொடிபோல் அசைந்தது. சிறுமி அதைப் பார்த்துவிட்டு, வேலை முடிந்தவள் மாதிரி, ஒரு வார்த்தை பேசாமல் வேனில் ஏறிக்கொண்டாள்.

வாக்குக் கொடுத்தவர்களில் பால் கடைக்காரர் மட்டும் கடைசிப் பாடவேளைக்கு உண்டான மௌனம் வந்து சேரவில்லை என்று முறையிட்டார். அதைத் தனியாக ஒரு விடுமுறை நாளில் தருவதாக அக்கா வாக்களித்ததும் அவரும் முழுசாகக் கொடுத்துவிட்டார். சில பேர் கூடவே கொடுத்தார்கள். வேன் ஓட்டுநர்கள், காலையிலிருந்து எந்தப் பிள்ளை எந்த வேனில் என்று சொல்ல ஆளில்லாமல் தவித்த தவிப்பில், இனிமேல் இந்த மாதிரி நல்ல காரியம் வேண்டவே வேண்டாம் என்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

கூட்டம் கலைந்தபோது வாசலில் கண்ணாடிக்காரர் நின்றிருந்தார். கடை நேரத்தில் அவர் கடையை விட்டு வெளியே வந்ததை யாரும் பார்த்ததில்லை.

“என்ன இந்த நேரத்துல? கடை?” என்றார் அக்கா.

“திறக்கல.”

“ஏன், உடம்பு சரியில்லையா?”

“தினமும் நீ பிறந்தநாள் சொல்லும்போது ஷட்டரைத் தூக்குவேன். இன்னைக்கு நீ சொல்லல. சொல்லுவ சொல்லுவன்னு உள்ளேயே உக்காந்திருந்தேன்.” அவர் வாழ்க்கையில் ஒரே மூச்சில் பேசிய நீளமான பேச்சு அதுதான். அதோடு நிற்கவும் இல்லை. “காசும் குடுத்துட்டு, கடையையும் பூட்டிட்டு உக்கார எனக்கென்ன பைத்தியமா? அதான் எழுதல.”

அக்காவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஒரே நாளில் இரண்டாம் முறை. கண்ணாடிக்காரர் சட்டைப் பையில் கை விட்டு, கூரைக்கென்று ஒரு தொகையை எடுத்துக் கணக்கு வாத்தியாரிடம் நீட்டினார். “இது பேசறதுக்கு” என்றார்.

அந்த மௌனம் அக்காவுக்குப் பெரிய பாடமாக அமைந்தது, அன்றுமுதல் அவர் அளந்து பேசினார் என்று எழுதத்தான் ஆசை. அப்படி ஒன்றும் நடக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் மட்டும் மகளுக்கு எதிரே வாயில் கவளத்தை வைத்துக்கொண்டு காத்திருக்கப் பழகினார். அதுவே மலையைப் புரட்டுகிற வேலை. மற்றபடி, அன்று கேட்ட ரகசியங்களை அவர் வெளியே ஒருவரிடமும் சொல்லவில்லை. கணவரிடம் மட்டும் சொன்னார். அதுவும் ஜன்னலைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். அவருடைய தாழ்ந்த குரலுக்கு ஜன்னல் சாத்துவது ஒரு தடையாகுமா என்று அவர் யோசிக்கவில்லை. அடுத்த வாரம் பி.டி. மாஸ்டரின் மேசையில் யாரோ ஒரு ரப்பர் மிதவை வளையத்தை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். தலைமையாசிரியையின் நாற்காலியில் ஒரு சிறிய தலையணை இருந்தது. யார் வைத்தது என்று இன்றுவரை தெரியவில்லை. தலையணையை அவர் திருப்பிக் கொடுக்கவும் இல்லை.

மழைக்கு முன்பே கூரை ஏறியது. அந்த ஆசிரியை படம் அனுப்பினாள். பளபளக்கும் தகரக் கூரை, அதற்குக் கீழே பெரிய பிள்ளைகள் ஒருவர்கூடக் குறையாமல் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். கூடவே ஒரு குறையும் எழுதியிருந்தாள். ஒரு சொட்டு ஒழுகுவதில்லை, ஆனால் மழை வந்துவிட்டால் தகரத்தின்மேல் கொட்டுகிற சத்தத்தில் தான் சொல்வது முதல் வரிசைக்கே கேட்கவில்லை என்றாள். தான் படித்த காலத்தில் வரவேற்பு மேசையில் ஓர் அக்கா இருந்தாரே, இப்போதும் இருக்கிறாரா, இந்த மாதிரிச் சத்தத்தை மீறிப் பேசுவது எப்படி என்று அவரால் சொல்லித்தர முடியுமா என்றும் கேட்டிருந்தாள்.

அக்கா அதை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். இப்படி ஒரு கேள்வியை யாராவது கேட்பார்கள் என்று மாவு மில்லின் மேல்மாடியிலிருந்து காத்திருந்தவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். சத்தம் தொண்டையிலிருந்து வரக்கூடாது, அடிவயிற்றிலிருந்து வர வேண்டும், இயந்திரத்தோடு போட்டி போடக்கூடாது, அதன் முதுகில் ஏறி உட்கார்ந்துகொள்ள வேண்டும் என்றெல்லாம் தொடங்கினார். அதைப் பதிவு செய்து அனுப்பிவிடலாம் என்று பி.டி. மாஸ்டர் தன் செல்போனை நீட்டினார். அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

கணக்கு வாத்தியார் எழுந்து போய், எதற்கும் இருக்கட்டும் என்று, கடல் இருக்கும் பக்கத்து ஜன்னலைத் திறந்து வைத்தார்.